வெள்ளம் வடிந்த மறுநாள்: சகதி அள்ளுகிறவர்களைத் தேடிப் போகவேண்டிய பயிற்சி

2021 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறையாறு கரை மீறியபோது, ஆற்றையொட்டி இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. ஜன்னல் மட்டம்வரை வந்து, இரண்டு நாள் நின்று, வடிந்தது. அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். தரை முழுக்கக் கணுக்காலுக்கு மேல் சகதி. டீசல் வாடையும் செப்டிக் டேங்க் வாடையும் கலந்து ஒரு நாற்றம். நானும் தம்பியும், கூலிக்கு வந்த இரண்டு அக்காமாரும், பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த ஒடிசாப் பையன் ஒருவனும் இறங்கினோம். எங்களிடம் இருந்தது இரண்டு மம்பட்டி, ஒரு வாரியல், நாலு வாளி.

செருப்பு சகதியில் ஒட்டிக்கொண்டு வராததால் எல்லோரும் வெறுங்காலோடுதான் நின்றோம். மதியம் ஒரு அக்காவின் பாதத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "காலுல என்னக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மக்கா, தகரம் கிழிச்சிட்டு" என்றார். கழுவ எடுத்து வைத்திருந்த வாளித் தண்ணீரிலேயே காலை அலசி, சேலைக் கிழிசலால் ஒரு கட்டு போட்டுக்கொண்டு மறுபடி சகதிக்குள் இறங்கிவிட்டார். அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். வெள்ளத்தில் வேலை செய்தீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை. கெண்டைக்கால் வலியில் நிற்க முடியாமல், கண் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு மாதக் கூலி போயிற்று. எங்கள் வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

வேலையில் இறங்குவதற்கு முன் அரைமணி நேரம் யாராவது எங்களை நிறுத்தி நாலு விஷயம் சொல்லியிருந்தால், ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்திருந்தால், அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் வந்திருக்காது. அந்த அரைமணி நேரத்தை, சகதி கிடக்கும் இடத்துக்கே வண்டியில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நடமாடும் பாதுகாப்புப் பயிற்சி. நடமாடும் மருத்துவமனை, நடமாடும் நியாய விலைக் கடை எல்லாம் நமக்குப் பழக்கம்தான். அந்த வரிசையில் இதுவும் வரவேண்டும்.

தண்ணீர் போன பிறகு வரும் ஆபத்து

வெள்ளம் வரும் நாளில் எல்லோருக்கும் பயம் இருக்கும். அணை திறக்கிறார்கள் என்றால் போலீஸ் வரும், தீயணைப்புத் துறை வரும், மைக் கட்டி அறிவிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் முகாம் திறப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் அந்த ஏற்பாடெல்லாம் கலைந்துவிடும், பயமும் போய்விடும். வெயில் அடிக்கிறது, வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். மின்சாரம் தாக்குவது, ஊறிய சுவர் சரிவது, கிணற்றுக்குள் மூச்சு அடைப்பது, புண் வழியாகக் கிருமி ஏறுவது எல்லாம் நடக்கும் நாட்கள் அவைதான்.

அந்த நாட்களில் வேலை செய்கிறவர்கள் யார் என்று பார்த்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ஒரு பங்குதான். அவர்களிலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் பலர். அதற்கு வெளியே கொத்தனார், கையாள், தோட்டத் தொழிலாளி, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், வட மாநிலத்து இளைஞர்கள், உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள், அப்புறம் வீட்டுக்காரர்களே. இவர்களில் பெரும்பாலானோர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளி என்று இருக்காது. ஒரு மண்டபத்தில் பயிற்சி வைத்து, அலுவலகம் வழியாகக் கடிதம் போட்டு அழைத்தால் இவர்கள் யாரும் வரப்போவதில்லை. கடிதம் போக ஒரு முகவரியே கிடையாது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த இடத்தில் மாதக்கணக்கில் இடிபாடு அள்ளினார்கள். சரியான முகக்கவசம் இல்லாமல் அங்கே உழைத்த ஏராளமானோர் பிறகு நுரையீரல் நோயோடு வாழ வேண்டியிருந்தது. அவர்களுடைய சிகிச்சைக்கென்றே அமெரிக்கா தனிச் சட்டம் போட்டது. அதில் அதிபர் கையெழுத்திட்டது 2011 ஜனவரியில். பேரிடர் ஓய்ந்த பிறகு நடக்கும் சுத்தம் செய்யும் வேலையும் ஆபத்தான தொழில்தான் என்பது அங்கே அப்படித்தான் உறைத்தது.

2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் நியூயார்க், நியூஜெர்சி கரைகளில் கடலை ஊருக்குள் கொண்டுவந்தது. வெள்ளம் புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்யப் போனவர்களில் தெருமுனையில் நின்று தினக்கூலிக்கு ஏறிப்போகும் ஆட்கள் நிறையப் பேர். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே, வேலை நடக்கும் பகுதிகளுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். முகக்கவசத்தையும் கையுறையையும் கையில் கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் 1987 முதல் நடத்திவரும் தொழிலாளர் பயிற்சித் திட்டம் இதற்குப் பின்னணியில் இருந்தது. ஆபத்தான வேலை செய்கிறவருக்கு, அதே வேலையைச் செய்து பழகிய இன்னொரு தொழிலாளியே சொல்லித்தருவது அந்தத் திட்டத்தின் முக்கியமான வழிமுறை. எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயமும் இதுதான்.

நம் பக்கத்து அனுபவத்துக்கு வருவோம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மற்ற ஊர்களின் தூய்மைப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் அழைத்துவரப்பட்டார்கள். கையுறை, பூட்ஸ் இல்லாமல் அவர்கள் குப்பை அள்ளிய படங்கள் அப்போதே பத்திரிகைகளில் வந்தன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. அங்கே சுகாதாரத் துறை, சுத்தம் செய்யப் போகிறவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பெரிய அளவில் கொடுத்தது. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான அளவு. மாத்திரை வேலை செய்யும் இடத்துக்கே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அந்த அனுபவம் எல்லை தாண்டி நம் பக்கம் வந்திருக்க வேண்டும்.

குமரியின் நிலைமை வேறு

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து, ஜூனிலிருந்து டிசம்பர்வரை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று அணை மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்ப்பது இங்கே பலருக்குக் காலைக் காப்பியோடு சேர்ந்த பழக்கம். மலையிலிருந்து கடலுக்கு தூரம் குறைவு, சரிவு அதிகம். அதனால் தண்ணீர் வேகமாக வரும். குழித்துறையாறு தேங்காய்ப்பட்டணத்திலும், பழையாறு சுசீந்திரம் வழியாக மணக்குடியிலும் கடலில் சேர்கின்றன. கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது.

மாவட்டத்துக்குள்ளேயே நாலு விதமான சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது. மேற்கே ஆற்றங்கரை வீடுகளில் சகதி. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலும் வாழையும் அழுகிக் கிடக்கும். கடற்கரையில் வள்ளமும் வலையும் கல்லும் மண்ணும் குழம்பிக் கிடக்கும். மலையோரத்தில் ரப்பர் மரங்கள் சாய்ந்து கிடக்கும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். வெளிமாவட்ட மின்ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அன்று முக்கால்வாசி வேலை மரம் அறுப்பதுதான். இழுவிசையோடு வளைந்து கிடக்கும் மரத்தைத் தப்பான பக்கத்தில் அறுத்தால் அது சாட்டை மாதிரி அடிக்கும். ஆக, ஒரே பாடத்தை மாவட்டம் முழுக்க ஒப்பித்துவிட்டுப் போக முடியாது. எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர் வேலையைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

மொழியையும் பார்க்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வெள்ளம் என்றாலே தண்ணீர்தான். "கொஞ்சம் வெள்ளம் தா" என்றுதான் கேட்பார்கள். வடித்த கஞ்சித் தண்ணீருக்குக் கஞ்சிவெள்ளம் என்று பெயர். சென்னையில் அச்சடித்த நோட்டீஸில் "வெள்ளத்தில் கை வைக்காதீர்" என்று இருந்தால், இங்கே ஒரு பாட்டிக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும். ஆற்றுத் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர், குடிக்கிற தண்ணீர் என்று பிரித்துப் பேச வேண்டும். எல்லையோரத்தில் மலையாளம் வேண்டும். ரப்பர் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் இருக்கும் இளைஞர்களுக்கு இந்தி, வங்காளி, ஒடியா தெரிந்த ஒருவர் வேண்டும். அவர்களில் தமிழ் பிடிபட்ட ஒருவரையே பயிற்சியாளராக்கினால் இன்னும் நல்லது.

அந்த அரைமணி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்

முதலில் கரண்ட். தெருவில் மின்சாரம் இல்லை என்றால் வீட்டிலும் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். எங்கள் பெரியம்மா வீட்டில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மாடிப்படிக்கு மேலே அலமாரியில் இருந்த இன்வெர்ட்டர் நனையாமல் உயிரோடு இருந்தது. ஒடிசாப் பையன் நனைந்த மிக்ஸியைத் தூக்கியபோது கை வெட்டி இழுத்துக் கீழே போட்டான். சின்ன அதிர்ச்சியோடு போயிற்று. அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் இருந்திருந்தால் கதை வேறு. ஆகவே முதல் பாடம்: மெயின் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரி இணைப்பையும் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்ற வேண்டும். மெயின் சுவிட்சுக்குப் போகத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தால் அதைத் தொடவே கூடாது. மின்வாரியத்தைக் கூப்பிட்டு, கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்ல வேண்டும். வண்டியில் ஒரு பலகையில் மெயின் சுவிட்ச், இன்வெர்ட்டர், ஒரு பல்பு மூன்றையும் மாட்டிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். மெயினை அணைத்த பிறகும் பல்பு எரிவதைக் கண்ணால் பார்த்தவர் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்.

ஜெனரேட்டரில் இரண்டு ஆபத்து. அதை வீட்டு ஒயரிங்கில் நேராகக் கொடுத்தால் கரண்ட் திரும்பிப் போய்க் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை அடிக்கும். வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைத்து ஓட்டினால் அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்துப் படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். வாசல், ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில்தான் ஜெனரேட்டர் ஓட வேண்டும்.

அடுத்தது கிணறு. குமரிக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலான பழைய வீடுகளில் கிணறு உண்டு. சில அடி தள்ளி செப்டிக் டேங்கும் உண்டு. வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வடிந்ததும் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய ஆள் இறங்குவார். அல்லது தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது என்று டீசல் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டுவார்கள். அந்தப் புகை கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். இறங்கிய முதல் ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அண்ணனோ மகனோ அடுத்து விழுவார். இப்படி ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்த்து, அணையவில்லை என்றால் இறங்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நம்ப முடியாது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது என்பது விதி. மெழுகுவர்த்தியோ சுமார் 16 சதவீதம்வரை எரிந்துகொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் செப்டிக் டேங்க் வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடையும் அது காட்டவே காட்டாது. அழுகின முட்டை வாடை வருகிறதா என்று மூக்கால் பார்க்கவும் முடியாது. அந்த வாயு அதிகமானால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் உயிர் போகிற நேரம். இந்த வாயுக்களை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று வண்டியில் இருக்க வேண்டும், அதைக் கயிற்றில் இறக்கி எண்ணைக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, ஆள் இறங்காமலே வேலையை முடிக்கும் வழியைச் சொல்ல வேண்டும்: மோட்டாரை மேலே வைத்துக் குழாயை மட்டும் இறக்கு, அல்லது நீர்மூழ்கி மோட்டார் போடு. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் இறங்காதே, 112-ஐக் கூப்பிடு, தீயணைப்புத் துறை வரட்டும்.

இறைத்த பிறகு பிளீச்சிங் பவுடர். எவ்வளவு போடுவது என்று கேட்டால் ஊரில் "ஒரு கை" என்பார்கள். கணக்கு இருக்கிறது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். ஒன்றரை மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள உறைக்கிணற்றில் ஏறக்குறைய 5300 லிட்டர். சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம், வெள்ளத்துக்குப் பிறகு அதில் இரட்டிப்பு. அப்படியானால் இந்தக் கிணற்றுக்கு 26, 27 கிராம் போதும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, பிறகு வாளியை நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாக ஏற்றி இறக்க வேண்டும். ஒரு மணி நேரம் விட வேண்டும். கொதிக்க வைத்துக் குடிப்பதை அதற்குப் பிறகும் சில வாரம் விடக்கூடாது.

இதே பிளீச்சிங் பவுடர்தான் கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு சேரும்போது விஷமாகிறது. டைல்ஸில் கறை போகவில்லை என்று ஒருவர் பவுடர் தூவுவார், பின்னாலேயே இன்னொருவர் ஆசிட் ஊற்றுவார். உடனே குளோரின் வாயு எழும்பும். குளியலறை மாதிரிச் சின்ன அறையில் அது நேராக நெஞ்சைப் பிடிக்கும். பவுடருக்குத் தண்ணீரைத் தவிர வேறு துணை கிடையாது என்று சொன்னால் போதும், வேதியியல் பாடம் தேவையில்லை.

பாம்பு பற்றி நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். குவியலைக் கையால் கிளறாமல் கம்பால் தட்டிவிட்டு எடுக்க வேண்டும், கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது, கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ல் ஏற்ற வேண்டும். ஊறிய மண்சுவர் காயும்போதுதான் வெடித்து விழும் என்பதும், இரண்டு பேர் இல்லாமல் நனைந்த மெத்தையைத் தூக்கக் கூடாது என்பதும், மணிக்கு ஒருமுறை நிழலில் உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சிவெள்ளம் குடிக்க வேண்டும் என்பதும் சொன்னவுடன் ஏறிவிடும்.

எலிக்காய்ச்சல் அப்படி ஏறாது, அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எலி மட்டுமல்ல, மாடு, நாய் மூத்திரம் வழியாகவும் கிருமி தண்ணீரில் கலக்கும். தோலில் கீறல் இருந்தால் போதும், தண்ணீரில் ஊறி வெளுத்த பாதம் வழியாகவும் ஏறும். பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் வெள்ளமே மறந்துபோயிருக்கும். அதனால் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன அட்டை கொடுக்க வேண்டும்: "நான் வெள்ளச் சகதியில் வேலை செய்தேன்" என்று பெரிய எழுத்தில், தேதியோடு. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அதை நீட்டினால் போதும். எங்கள் அக்கா கையில் அந்த அட்டை இல்லாததால்தான் நாலு நாள் வீணாயிற்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருப்பதால் கிழித்ததே தெரியாது. அவர்கள் மத்தியானமும் சாயங்காலமும் பாதத்தைச் சுத்தத் தண்ணீரில் கழுவி, ஒரு விரல் விடாமல் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வண்டியிலேயே இருந்தால் டாக்ஸிசைக்ளினையும் டெட்டனஸ் தடுப்பூசியையும் அங்கேயே முடிவு செய்யலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த மாத்திரை ஆகாது என்பதால், யாரும் தாங்களாகக் கடையில் வாங்கி விழுங்கவும் கூடாது.

வண்டி எங்கே நிற்க வேண்டும்

பெரிய பஸ் தேவையில்லை. ஆற்றங்கரைச் சந்துக்குள் அது நுழையாது. ஒரு டெம்போ போதும். பூட்ஸ், கையுறை, கண்ணாடி, முகக்கவசம், கயிறு, வாயு அளக்கும் கருவி, கரண்ட் பலகை, குழாய் வைத்த தண்ணீர் டிரம், சோப்பு. பூட்ஸ் வாங்கும்போது ஆறு, ஐந்து, நாலு என்று சின்ன அளவும் வாங்க வேண்டும். இந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர், கிடைப்பதோ எட்டும் ஒன்பதும்தான். தொளதொள பூட்ஸைச் சகதி கழற்றிவிடும், அப்புறம் வெறுங்கால்தான். பால் வெட்டி ரப்பர் எடுக்கும் மாவட்டத்தில் ரப்பர் பூட்ஸ் கிடைக்காமல் ஒரு பெண் வெறுங்காலோடு நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

காலையில் மஸ்டர் (வருகைப் பதிவு) போடும் இடத்தில் தூய்மைப் பணியாளர்கள் கூடுவார்கள், அங்கே ஒரு அரைமணி. பிறகு கூலியாட்கள் வண்டியேறக் காத்திருக்கும் ஜங்ஷன். பிறகு முகாம் நடக்கும் பள்ளிக்கூடம், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் அங்கிருந்துதான் வீடு கழுவக் கிளம்புவார்கள். கடற்கரையில் மீன் ஏலம் முடியும் நேரம். இருபது பேருக்கு மேல் கூட்டக் கூடாது. கடைசி ஐந்து நிமிடம் பயிற்சியாளர் பேசக் கூடாது. வந்தவர்களில் ஒருவர் கையுறையைக் கழற்றிக் காட்டட்டும், ஒருவர் இன்வெர்ட்டரை அணைத்துக் காட்டட்டும். அழுக்கான கையுறையைப் பல்லால் இழுக்கிறவர் அப்போதுதான் கண்ணில் படுவார்.

இதையெல்லாம் மொபைலில் வீடியோவாக அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளத்துக்கு முன்னால் அனுப்பலாம், நல்லதுதான். வடிந்த மறுநாள் கரண்ட் இருக்காது, டவர் இருக்காது, போனில் சார்ஜ் இருக்காது. ஒக்கியில் அதைத்தான் பார்த்தோம். மேலும் பூட்ஸ் அளவு சரியா என்று வீடியோ பார்த்துச் சொல்லாது.

கூலியையும் பேச வேண்டும். தினக்கூலிக்கு நிற்பவரிடம் அரைமணி நேரம் கேட்பது அவருடைய காசைக் கேட்பது. உள்ளாட்சியோ ஒப்பந்ததாரரோ அழைத்துப் போகும் வேலை என்றால், பயிற்சி நேரமும் வேலை நேரம்தான் என்று எழுதிவிட வேண்டும். கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதன் விதிகள் அந்தக் கருவிகளின் நீண்ட பட்டியலையும் கொடுக்கின்றன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழாயில் இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. கிணற்றுக்கும் சகதிக்கும் அந்த அளவு தெளிவான பாதுகாப்பு இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாவட்டந்தோறும் ஒரு ஆணையம் இருக்கிறது, கலெக்டர்தான் அதற்குத் தலைவர். வெள்ளத்துக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் மணல் மூட்டை எத்தனை, மோட்டார் எத்தனை என்று எண்ணும்போது, பூட்ஸ் எத்தனை ஜோடி, எந்த அளவில், பயிற்சி கொடுக்க எத்தனை பேர் என்ற வரியையும் சேர்த்தால் பெரிய செலவு ஒன்றும் வந்துவிடாது.

அதற்கு ஊரிலிருந்தே கேட்கலாம். அக்டோபர் 2-ம் தேதி கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால் வருவதால் இதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் இந்த முறை எழுந்து பேச அந்த அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். தீர்மானத்தை நான் எழுதிவிட்டேன்: ஊராட்சியில் நாற்பது ஜோடி பூட்ஸ், அதில் இருபது ஆறாம் அளவுக்குக் கீழே, வெள்ளம் வடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நர்ஸோடு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு அட்டை. படித்துக் காட்டியதும் அக்கா ஒரு திருத்தம் சொன்னார். எட்டு மணி கூடாதாம். கூலியாட்கள் ஏழரைக்கே கிளம்பிவிடுவார்களாம். ஏழு என்று மாற்றியிருக்கிறேன்.